கதவுக்குள் இருக்கிற பாட்டு

மாருதி 800-இன் சாதாரண மாடலை ஷோரூமிலிருந்து ஓட்டி வந்தவர்களுக்கு அந்த பிளாஸ்டிக் மூடி நினைவிருக்கும். டேஷ்போர்டின் நடுவில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக, ஒன்றுமே எழுதாத ஒரு பட்டை. ஸ்க்ரூடிரைவர் முனையால் நெம்பினால் கையோடு வந்துவிடும். உள்ளே 182 மில்லிமீட்டர் அகலம், 53 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெறும் பொந்து. காரோடு வந்தது அவ்வளவுதான். பாட்டு வேண்டுமென்றால் அது வாங்கியவர் பாடு.

அந்தப் பொந்தை நம்பிச் சென்னையில் ஒரு தொழில் பிழைத்தது. உடைத்த வண்டிகளின் பாகங்களுக்குப் புதுப்பேட்டை. சீட் கவர், மேட், ஸ்பீக்கர் ஆகியவற்றுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஐசி, கண்டென்சர், வயர், பிளக் ஆகியவற்றுக்கு ரிச்சி தெரு, அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெரு. வெளிநாட்டுச் செட் வேண்டுமென்றால் பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா பஜார். ஒரு சைக்கிள் இருந்தால் ஒரே நாளில் நாலு இடத்தையும் சுற்றி வந்து, சாயங்காலத்துக்குள் ஒரு காருக்குப் பாட்டு வைத்துவிடலாம். என் தாய்மாமா அப்படித்தான் வைத்தார். புதுப்பேட்டையில் அவருக்கு ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை. டைனமோ, ஸ்டார்ட்டர், ஹார்ன், வயரிங் என்று போர்டில் எழுதியிருக்கும். பாட்டு வைப்பது போர்டில் எழுதாத தொழில். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் போவேன். பிறகு முழுநேரமும் அங்கேயே இருந்துவிட்டேன். இன்றைக்கும் எனக்குச் சோறு போடுவது இந்தத் தொழில்தான்.

காரில் பாட்டு வந்த கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பெட்டிகளின் கதையைத்தான் சொல்கிறார்கள். ரேடியோ வந்தது, கேசட் வந்தது, சிடி வந்தது, திரை வந்தது என்று. கடையில் காசு கொடுப்பவர் கண்ணில் படுவதும் பெட்டி மட்டும்தான். வயரிலும், ஸ்பீக்கர் உட்காரும் பலகையிலும், கதவுத் தகட்டிலும் நடந்த வேலையை யாரும் எழுதி வைக்கவில்லை. கையில் காசு குறைவாக இருந்தவர்களுக்கு நல்ல பாட்டு கிடைத்தது அந்த வேலையால்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது.

இந்தத் தொழிலின் தொடக்கமே கார் கம்பெனிக்கு வெளியேதான் நடந்தது. 1930-இல் சிகாகோவில் பால் கால்வின் என்பவரின் சின்னக் கம்பெனி காருக்கென்று ஒரு ரேடியோ செய்தது. 5டி71 என்பது அதன் மாடல். அந்த ஆண்டு அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ தயாரிப்பாளர்களின் மாநாடு. உள்ளே கால்வினுக்கு ஸ்டால் கிடையாது. தன் காரிலேயே செட்டைப் பொருத்தி ஓட்டிப் போய், மாநாட்டு இடத்துக்கு வெளியே நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி வைத்துப் போவோர் வருவோரைக் கூப்பிட்டுக் காட்டினார். ஆர்டரோடு ஊர் திரும்பினார். செட்டுக்கு அவர் வைத்த மோட்டோரோலா என்ற பெயரே பிற்பாடு கம்பெனிக்கும் ஆனது. விலை 110 முதல் 130 டாலர் வரை. புத்தம் புதிய ஃபோர்டு மாடல் ஏ கார் அன்று 500 டாலர் சுமாருக்குக் கிடைத்தது என்றால் அந்த விலையின் கனம் தெரியும்.

அதைவிடக் கனமானது பொருத்துகிற வேலை. வால்வு ரேடியோவுக்கு உயர்ந்த வோல்ட் வேண்டும். காரில் இருந்ததோ 6 வோல்ட் பேட்டரி. எனவே தரைப் பலகையைக் கழற்றி அடியில் தனியாக உலர் பேட்டரிகளை அடுக்கினார்கள். ஏரியலுக்குக் கூரையின் உள்துணியைப் பிரித்து வலைக்கம்பியை விரித்துத் தைத்தார்கள். எஞ்சின் ஓடும்போது எழும் இரைச்சலை அடக்க ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கிலும் ரெசிஸ்டர் மாட்டினார்கள். பிறகு வைப்ரேட்டர் வந்தது: பேட்டரி மின்சாரத்தை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி டிரான்ஸ்ஃபார்மருக்குக் கொடுக்கும் ஒரு துடிக்கிற தகடு. உலர் பேட்டரிகள் போயின. அதற்குப் பதில் செட்டிலிருந்து ஒரு ரீங்காரம் சேர்ந்தது. 1935-இல் ஜெனரல் மோட்டார்ஸ் முழு எஃகுக் கூரையைக் கொண்டு வந்ததும் கூரைக்குள் ஒளிந்திருந்த ஏரியலுக்கு வேலை இல்லாமல் போய், அது காருக்கு வெளியே வந்தது. காரில் ஒன்று மாறினால் பாட்டு வைப்பவரின் வேலை தலைகீழாகும் என்பது அன்றிலிருந்தே உள்ள வழக்கம்.

நடுவில் வந்து போன சில புதுமைகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1956 மாடல் கிரைஸ்லர் கார்களில் இசைத்தட்டே சுழன்றது. 7 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 16⅔ சுற்று. சில வருஷங்களில் ஓய்ந்துவிட்டது. அதே காலத்தில் கிரைஸ்லருக்காக ஃபில்கோ செய்த முழு டிரான்சிஸ்டர் ரேடியோதான் நிலைத்தது. வைப்ரேட்டர் தேவையில்லை, 12 வோல்ட்டே போதும் என்ற அந்த மாற்றம் இல்லாவிட்டால் என் மாமாவைப் போன்ற சிறு கடைக்காரர் இந்த வேலையில் கை வைத்திருக்கவே முடியாது.

மெட்ராஸில் மாமா தொழில் பழகிய காலத்தில் காரில் ரேடியோ என்பது டாக்டர்களும் சினிமாக்காரர்களும் வைத்துக்கொள்வது. ரேடியோப் பெட்டி வைத்திருந்தாலே தபால் ஆபீஸில் லைசென்ஸ் எடுத்து வருஷாவருஷம் பணம் கட்ட வேண்டும். 1980-களின் நடுப்பகுதி வரை இந்த முறை இருந்தது. கேட்பதற்கு ஆல் இந்தியா ரேடியோ, 1957-இல் தொடங்கிய விவித் பாரதி, எல்லாவற்றுக்கும் மேலாக சிலோன் ரேடியோவின் தமிழ் நிகழ்ச்சிகள். எல்லாம் மீடியம் வேவ், ஷார்ட் வேவ். பாலத்துக்கு அடியில் வண்டி நுழைந்தால் பாட்டு மங்கும். வெளியே வந்தால் மறுபடி கிளம்பும்.

அந்த நாளில் ஊரில் ஓடிய பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். பிற்பாடு வந்தவற்றில் நெகட்டிவ். இது தெரியாமல் செட்டை மாட்டினால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் ஒரு நொடியில் செத்துப்போகும். அதற்காகவே செட்டின் பின்புறத்தில் துருவத்தை மாற்றிக்கொள்ள ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருப்பார்கள். எந்த வண்டி வந்தாலும் மாமா முதலில் பானட்டைத் திறந்து பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையைத்தான் தொட்டுப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் ஓனரிடம் பேச்சு.

இரைச்சலை அடக்குவதில் அவர் கை ராசியானது. டைனமோவுக்கு ஒரு கண்டென்சர், இக்னிஷன் காயிலுக்கு ஒன்று, பிளக்குகளுக்கு ரெசிஸ்டர் கேப். காயிலில் கண்டென்சரை எந்த முனையில் வைப்பது என்பதில்தான் விஷயம். "பேட்டரி பக்கம் வையி மாப்ள. பாயிண்ட்டு பக்கம் வச்சியோ, பாட்டும் வராது, வண்டியும் கெளம்பாது" என்பார். பாயிண்ட் திறக்கும் நேரத்தில் மின்சாரம் சட்டென்று அறுந்தால்தான் பிளக்கில் பொறி வரும். அந்தப் பக்கம் பெரிய கண்டென்சர் இருந்தால் அறுபடுவது தாமதமாகிப் பொறி செத்துவிடும். இந்த விளக்கத்தை நான் பின்னால் ஒரு புத்தகத்தில் படித்தேன். மாமாவுக்கு அது விரலிலேயே இருந்தது.

கேசட்தான் இந்தத் தொழிலைப் பணக்காரர் வீட்டு வாசலிலிருந்து டாக்சி ஸ்டாண்டுக்குக் கொண்டு வந்தது. லூ ஓட்டன்ஸ் என்ற டச்சுக்காரர் தலைமையில் பிலிப்ஸ் செய்த கேசட் 1963-இல் பெர்லின் கண்காட்சியில் வெளிவந்தது. நம்மிடம் அது பெருகியதற்கு வளைகுடாவுக்குப் போனவர்கள் ஒரு காரணம். ஊருக்கு வரும்போது டூ-இன்-ஒன் பெட்டியோடு கார் டேப்பும் கொண்டு வந்தார்கள். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்கு அவ்வளவு கெடுபிடி இருந்த காலத்தில் பர்மா பஜாரில் ஜப்பான் செட்டுகள் கைமாறின. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களுக்காக 1960-களின் கடைசியில் உருவான கடை வரிசை அது. அங்கே விலை என்பது பேசுகிறவரின் சாமர்த்தியம். மாமா விலையைப் பேச மாட்டார். செட்டை வாங்கிக் கேசட் வாயைத் திறந்து, டார்ச் அடித்து, ரப்பர் உருளையின் பளபளப்பைப் பார்ப்பார். அது கண்ணாடி போல மின்னினால் நிறைய ஓடிய செட் என்று கீழே வைத்துவிடுவார்.

வண்டிகளில் அப்போது இன்றைய அளவுப் பொந்து கிடையாது. இரண்டு பக்கமும் குமிழ் வைத்த செட்டுகள் வரும். டேஷ்போர்டில் குமிழ்த் தண்டுக்கு இரண்டு ஓட்டை, நடுவில் வாய்க்கு ஒரு ஓட்டை வெட்ட வேண்டும். அம்பாசடர் ஓனர்கள் பலர் டேஷ்போர்டில் கத்தி படுவதை விரும்ப மாட்டார்கள். அவர்களுக்கு டேஷ்போர்டுக்கு அடியில் தகரப் பட்டை வளைத்துத் தொங்கவிட்டோம். இரவில் கழற்றி வீட்டுக்கு எடுத்துப் போகவும் அது வசதி. கார் டேப் திருட்டு அந்தக் காலத்தில் அவ்வளவு சகஜம்.

கேசட்டும் கடையில் வாங்கியது குறைவு. ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்குவோம். இளையராஜா ஒரு பக்கம், பழைய பாட்டு ஒரு பக்கம் என்று டிரைவர்கள் கேட்பார்கள். 90 நிமிஷக் கேசட்டைக் காரில் போட மாமா விடமாட்டார். 60 நிமிஷக் கேசட்டின் நாடா சுமார் 18 மைக்ரான் தடிமன். 90-இல் அது 12 மைக்ரானுக்கு இறங்கிவிடும். சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியின் டேஷ்போர்டில் அந்த மெல்லிய நாடா இளகி, உருளையில் சுற்றிக்கொண்டு வரும்.

செட் மந்தமாகப் பாடினால் பலர் புது செட் வாங்கக் கிளம்புவார்கள். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கேசட் நாடாவின் அகலமே 4 மில்லிமீட்டருக்குள். அதில் நாலு தடங்கள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டரைத் தாண்டிக் கொஞ்சம். நாடாவைப் படிக்கும் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் மேல்சுரங்கள் மொத்தமும் போய்விடும். ஹெட்டின் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கும். மாமா சலங்கை ஒலி நன்றாக வருகிற ஒரு பாட்டை ஓடவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஹெட்டைத் துடைத்து, அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவார். கம்பளிக்குள்ளிருந்து பாடியவர் வெளியே வந்த மாதிரி இருக்கும். பிறகு ஸ்க்ரூ தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ், அசையாமல் இருக்க. கூலி ஐந்து ரூபாய். பத்தாயிரம் ரூபாய்ச் செட்டுக்கும் அதே ஐந்து ரூபாய்தான்.

சத்தம் போதவில்லை என்றால் ரிச்சி தெரு. முதலில் 810 என்று சொல்லிக் கேட்டு வாங்கிய ஐசி. இரண்டு பக்கமும் சிறகு மாதிரித் தகடு நீட்டிக்கொண்டிருக்கும், அதைப் போர்டின் செம்பில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால்தான் சூடு இறங்கும். ஆறேழு வாட் கொடுக்கும். அதற்குப் பின் வந்த சான்யோவின் எல்ஏ4440-ஐத் தெரியாத எலக்ட்ரீஷியன் தமிழ்நாட்டில் இருந்திருக்க மாட்டார். கார் ஸ்டீரியோவுக்கென்றே வடிவமைத்த ஐசி அது. இரண்டு சேனலாக வைத்தால் சேனலுக்கு 6 வாட். இரண்டையும் பிரிட்ஜ் செய்து ஒன்றாக்கினால் 19 வாட். ஐசி, சில கண்டென்சர்கள், ஒரு அலுமினியத் துண்டு, அவ்வளவுதான். மினி பஸ், ஷேர் ஆட்டோ, கல்யாண வேன் என்று ஊரெல்லாம் 4440 பாடியது. அதைச் செய்து பார்த்துத்தான் பல பையன்கள் எலக்ட்ரானிக்ஸ் படித்தார்கள். நானும் அந்த வழியில் வந்தவன். 4440 போர்டை இன்றைக்குக் கேவலமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஒரு டாக்சி டிரைவரின் ஒரு நாள் வருமானத்துக்குள் அவருக்கு இரண்டு ஸ்பீக்கரை முழுதாகப் பாட வைத்த பொருள் அது.

மாமாவிடம் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரிய விஷயம் ஸ்பீக்கரைப் பற்றியது. அம்பாசடரில் பின் சீட்டுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அடியில் ஒரு அட்டைத் தட்டு இருக்கும். அதை எடுத்துவிட்டு முக்கால் இஞ்சு பிளைவுட் வெட்டிப் போட்டு, 6×9 அங்குல ஓவல் ஸ்பீக்கர் இரண்டை அதில் முடுக்கி, மேலே ரெக்ஸின் ஒட்டினால், தவுல் சத்தம் நெஞ்சில் மோதும். அதே ஸ்பீக்கரை மாருதி 800-இல் பின்கதவோடு தூக்கிக்கொள்ளும் மெல்லிய தட்டில் வைத்தால் கீச்சென்று கத்தும். மாருதி வந்த புதிதில் வாடிக்கையாளர்கள் செட்டைத் திட்டினார்கள், ஸ்பீக்கரைத் திட்டினார்கள். மாமா ஒரு வாரம் அந்தச் சின்ன வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

காரணம் இதுதான். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் தள்ளும் காற்றையே பின்னால் இழுக்கவும் செய்கிறது. முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சந்தித்துக்கொண்டால் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அதுவும் கனத்த சுரங்களில் மிச்சமே இருக்காது. அம்பாசடரின் டிக்கி, பிளைவுட்டுக்கு அடியில் மூடிய பெரிய பெட்டியாக இருந்து பின்பக்க அலையைப் பிடித்து வைத்துக்கொண்டது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சில் 1957-இல் உத்தரப்பாராவில் தொடங்கிய அந்த வண்டியைப் பாட்டுக்காக யாரும் வரையவில்லை. நமக்குக் கிடைத்த கொடை அது. மாருதியில் அந்த டிக்கி இல்லை. இருப்பது கதவு மட்டும். அந்தக் கதவோ மெல்லிய தகடு. உள்பக்கம் முழுக்கக் கைவிடும் ஓட்டைகள்.

"பொட்டி பாடாது மாப்ள, கதவுதான் பாடும். கதவ மொதல்ல சரி பண்ணு" என்று மாமா சொல்லத் தொடங்கியது அப்போதுதான். கதவின் உள் அட்டையைக் கழற்றினோம். தகட்டில் இருந்த பெரிய ஓட்டைகளைத் தகர வில்லைகளால் மூடினோம். விளிம்புகளில் எம்-சீல். வெளித் தகட்டின் உள்பக்கம், பாடி ஒர்க்‌ஷாப்பில் துருப்பிடிக்காமல் அடிக்கும் தார்ப்பூச்சை இரண்டு கை பூசினோம். தட்டினால் டண்ணென்று ஒலித்த கதவு டொக்கென்று அடங்கியது. பிளைவுட்டில் வளையம் வெட்டி, வார்னிஷ் அடித்து, அதன்மேல் ஸ்பீக்கரை உட்கார வைத்தோம். அதே செட், அதே ஸ்பீக்கர். கதவைச் சாத்தும்போதே வித்தியாசம் காதில் விழுந்தது. இன்று வெளிநாட்டுப் பெயரோடு, அலுமினியம் முதுகு வைத்து விற்கும் டேம்பிங் ஷீட் செய்கிற வேலை இதுவேதான்.

1980-களில் நடந்த இன்னொரு மாற்றம் வீட்டிலேயே செட் மாட்டிக்கொள்ள நினைத்தவர்களுக்குப் பெரிய உதவி செய்தது. ஜெர்மானியர்கள் வகுத்த டின் அளவு, ஐ.எஸ்.ஓ. 7736 என்ற பெயரில் உலகத்துக்கே பொதுவானது. நான் முதலில் சொன்ன 182-க்கு 53 அதுதான். வயர்களுக்கும் ஒரு பொது நிறவரிசை வந்தது. கறுப்பு எர்த், மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ளது, செட்டின் நினைவுக்கு, சிவப்பு சாவி போட்டால் வருவது, முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. அதே நிறத்தில் கறுப்புக் கோடு ஓடினால் நெகட்டிவ். இந்தச் சில வரிகளைத் தெரிந்துகொண்டவர் கடைக்கு வர வேண்டியதில்லை. மாமாவுக்கு இதில் வருத்தம் எதுவும் இருந்ததில்லை. கேட்டு வந்தவர்களுக்கு ஒரு சிகரெட் அட்டையின் பின்புறம் இதை எழுதிக் கொடுத்து அனுப்புவார். கூடவே ஒன்று சொல்வார்: வயரை முறுக்கி டேப் சுற்றாதே, ஈயம் வைத்துப் பற்றவை. வெயிலில் டேப்பின் பசை இளகி வயர் பிரிந்தால் நடு ரோட்டில் புகை வரும்.

வாட் கணக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஏழைகளின் காசு அதிகம் வீணாகிறது. செட்டின் முகத்தில் 50×4 என்று அச்சிட்டிருப்பார்கள். ஓடுகிற காரில் மின்சாரம் 14.4 வோல்ட். ஸ்பீக்கரின் தடை 4 ஓம். பிரிட்ஜ் செய்த ஐசி நஷ்டமே இல்லாமல் வேலை செய்தாலும் சுத்தமான ஒலியாக 26 வாட்டுக்கு மேல் வர வழியில்லை. நிஜத்தில் 18, 20. அந்தக் கணக்கை எந்தப் பெயரும் எந்த விலையும் தாண்ட முடியாது. தாண்ட வேண்டுமென்றால் வோல்ட்டை ஏற்றிக்கொள்ளும் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். ஆகவே இரண்டாயிரம் ரூபாய் செட்டும் எட்டாயிரம் ரூபாய் செட்டும் சத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். வசதிகளுக்குத்தான் அந்த ஆறாயிரம்.

1984-இல் ஜப்பானியர்கள் காருக்கு சிடி கொண்டு வந்தார்கள். நம் சாலைப் பள்ளங்களில் அது குதித்த குதியை நினைவில் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள். 2000-களின் தொடக்கத்தில் தனியார் எஃப்எம் வந்தபோது பழைய மீடியம் வேவ் செட்டுகள் ஒரே நாளில் கிழடாயின. 1977-லேயே மெட்ராஸில் ஆல் இந்தியா ரேடியோ எஃப்எம் தொடங்கிவிட்டது என்றாலும் அதுவரை அதற்காகச் செட் மாற்றியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பிறகு பென் டிரைவ். பிறகு புளூடூத். இவை எல்லாம் பெட்டியின் முகத்தில் நடந்த மாற்றங்கள். அதற்குப் பின்னால் கதவு அப்படியே இருந்தது.

இன்றைய புது வண்டிகளில் அந்தப் பொந்து இல்லை. திரை டேஷ்போர்டோடு வார்த்தது போல உட்கார்ந்திருக்கிறது. ஏசியின் கட்டுப்பாடு, பின் கேமரா, ஸ்டீயரிங் பொத்தான் எல்லாம் அதன் வழியாகவே ஓடுகின்றன. அதைக் கழற்றினால் வண்டியின் மற்ற கணினிகள் தேட ஆரம்பித்துவிடும். எங்கள் தொழிலில் இதைக் கண்டு கடையை மூடியவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கம்பெனித் திரையைத் தொடாமல், அதிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலேயே ஹை-லோ கன்வெர்ட்டர் வைத்து ஒலியை எடுத்து, சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தால் போதும். கார் கம்பெனிக்காரர் சிக்கனம் பிடிக்கிற இடம் ஸ்பீக்கர்தான். அங்கே கை வைக்க இன்றும் யாரும் தடுக்கவில்லை.

போன மாதம் ஒரு பள்ளிக்கூட டீச்சர் பழைய வேகன் ஆர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். செட் தூங்கிவிட்டது. "பத்தாயிரத்துக்கு மேல முடியாது அண்ணா. வேலைய நானே பண்ணிக்கிறேன். என்ன வாங்கணும், எத மொதல்ல செய்யணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். உட்கார வைத்துக் காகிதத்தில் எழுதினேன். முன் கதவுக்கு நல்ல கோஆக்சியல் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, 3,000. டேம்பிங் ஷீட் இரண்டு கதவுக்கு மட்டும், 1,800. செம்பு வயர், ஃப்யூஸ், ஈயம், வண்டியின் வயரிங்கை வெட்டாமல் மாட்ட கப்ளர், 900. பிளைவுட் வளையம் புதுப்பேட்டைத் தச்சரிடம் 300. மிச்சத்துக்குப் புளூடூத் உள்ள சாதாரணச் செட். திரை வேண்டாம்.

அந்த வரிசையை அவர் மாற்றவில்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் கையை வைத்தார். கதவு அட்டையை எடுத்ததும் எனக்கு போன் வந்தது: புது ஸ்பீக்கரின் காந்தம் பழையதைவிட ஆழமாக இருக்கிறது, கண்ணாடியை இறக்கினால் இடிக்குமா? கண்ணாடியை முழுக்க இறக்கி, தகட்டிலிருந்து கண்ணாடி வரை ஸ்கேலால் அளக்கச் சொன்னேன். 52 மில்லிமீட்டர் என்றார். ஸ்பீக்கரின் ஆழம் 58. முக்கால் இஞ்சு என்று சொல்லி விற்கும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் வளையத்தில் உட்கார வைத்தால் 12 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். தச்சர் வளையத்தைச் சாயங்காலமே வெட்டிக் கொடுத்தார். கதவுத் தண்ணீர் படும் என்பதால் அதற்கு இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்து ஒரு ராத்திரி காய வைத்து மாட்டினார்.

மறுவாரம் வண்டியைக் காட்ட வந்தார். டிரைவர் பக்கக் கதவை விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். அடங்கியிருந்தது. இடது ஸ்பீக்கரில் மட்டும் வயர் துருவம் மாறியிருந்ததால் நடுவில் நிற்க வேண்டிய குரல் கலைந்து கேட்டது. வெள்ளையையும் கறுப்புக் கோடு போட்ட வெள்ளையையும் அவரே மாற்றினார். பின் கதவுகளுக்கும் இப்போதே வாங்கிவிடலாமா என்று கேட்டார். முன்னால் உட்காருகிறவர் நீங்கள்தானே, அது அடுத்த போனஸுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன்.